ஹை-ஹாட்டும் நின்றுபோன சம்பந்தமும்

திருத்தணி,
ஞாயிற்றுக்கிழமை காலை.

பெருமதிப்பிற்குரிய பாவா பரந்தாமன் அவர்களின் சமுகத்துக்கு மைத்துனன் துளசிங்கம் பணிந்து எழுதிக்கொள்வது.

இங்கு தணிகை முருகன் தயவில் நானும் என் சம்சாரம் அம்சாவும் நலம். என் இடது முழங்கால் அதன் சக்திக்கு ஏற்ற அளவில் நலம். அங்கு நகரியில் தாங்களும் அக்காவும் குழந்தை தமிழ்செல்வியும் நலம்தான் என்று நினைக்கிறேன். தாங்கள் என் நம்பரை பிளாக் செய்துவிட்டபடியால், அம்சாவின் போனுக்குத் தாங்கள் தினமும் காலையில் அனுப்பும் சுவாமி படங்களைப் பார்த்து, பாவா எழுந்துவிட்டார் என்று தெரிந்துகொள்கிறேன். அதே போனிலிருந்து தங்களை அழைத்துப் பேசியிருக்கலாம். ஆனால் அது அம்சா எனக்காகப் பரிந்து பேசியது போல் ஆகிவிடும். பரிந்து பேச முடியாது என்று அவள் தெளிவாகச் சொல்லிவிட்டாள். எனவேதான் இந்தக் கடிதம்.

தமிழ்செல்விக்குப் பார்த்த அம்மையார்குப்பத்துச் சம்பந்தம் நின்றுபோனதற்கு நான்தான் காரணம் என்று தாங்கள் சொன்னதில் தவறில்லை. ஆனால் "வயசான காலத்துல ஜால்ரா தட்டிகினு கிடக்கிறான்" என்று சொன்னீர்களே, அதில் மட்டும் ஒரு திருத்தம். அது ஜால்ரா இல்லை. அதன் பெயர் ஹை-ஹாட். ஒன்றின் மேல் ஒன்றாகக் கவிழ்த்த இரண்டு வெண்கலத் தட்டுகள், ஒரு கம்பியில் நிற்கும். கீழே இடது காலுக்கு ஒரு பெடல். மிதித்தால் தட்டுகள் மூடிக்கொள்ளும், விட்டால் திறக்கும். எங்கள் பையன் ஸ்ரீதர் காலேஜில் படித்தபோது ஆசைப்பட்டு வாங்கிய டிரம்ஸ் செட்டின் ஒரு பாகம் அது. அவன் பெங்களூர் போனபிறகு அந்த செட் மாடி அறையில் இருந்தது. மழைக்காலத்தில் அம்சா அதன்மேல் துணி காயப்போடுவாள்.

நான் பைக்கில் விழுந்து முழங்காலில் ஆபரேஷன் ஆன கதை தங்களுக்குத் தெரியும். இனி பஸ் ஓட்ட முடியாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இடது கால் குச்சி போல் இளைத்துவிட்டது. கணுக்காலை மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்கள். சும்மா அசைப்பதற்கு மனம் வருமா பாவா? இத்தனை வருஷம் கிளட்சை மிதித்த கால் அது. மிதித்தால் ஏதாவது நகர வேண்டும் அல்லவா? ஒருநாள் துணி எடுக்க மாடிக்குப் போனவன், கால் வலிக்கிறதே என்று அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். இடது கால் தானாகப் போய் அந்தப் பெடலில் உட்கார்ந்துகொண்டது. மிதித்தேன். 'டிப்' என்றது. ஆபரேஷனுக்குப் பிறகு என் கால் சொல்லி ஒரு பொருள் கேட்டது அதுதான் முதல்தடவை. அன்று மாலைவரை நான் கீழே இறங்கவில்லை. அம்சா மேலே வந்து, நான் அழுதுகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

விஷயத்தைச் சொன்னதும் ஸ்ரீதர் ஒரு ஆன்லைன் வகுப்பில் சேர்த்துவிட்டான். மாஸ்டர் பெயர் அனுசுயா, பெரம்பூரில் இருக்கிற பெண். ஸ்ரீதரைவிடச் சின்னவள்தான். இருந்தாலும் குரு என்பதால் நான் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவேன். போனை ஜன்னலில் சாய்த்து வைத்துவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். வலது கை ஹை-ஹாட்டில் ஓடிக்கொண்டே இருக்கும், இடது கை நடுவிலுள்ள டிரம்மில் விழும், வலது கால் பெரிய டிரம்மை உதைக்கும், இடது கால் பெடலில். நான்கும் நான்கு வேலை. எனக்கு ஆரம்பத்தில் ஒரு கோளாறு இருந்தது.

"அங்கிள், எல்லாம் கரெக்டாப் போவுது. நாலாவது அடி வந்தா மட்டும் ஏன் ஸ்லோ ஆவுறீங்க?" என்று மாஸ்டர் கேட்டாள்.

"ஸ்டாப்பிங் வருதும்மா" என்றேன். எனக்கு அப்படித்தான் தோன்றியது. மறைக்க விருப்பமில்லை.

இன்னொரு நாள், பெடலை முழுசாக விடாமல் லேசாக மட்டும் விடச் சொன்னாள். தட்டுகள் ஒன்றோடொன்று உரசி 'ஸ்ஸ்ஸ்' என்று இழுக்க வேண்டுமாம். "ஹாஃப் கிளட்சா மாஸ்டர்?" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. "மலை ரோட்டுல ஏறும்போது வைப்போமே, அது மாதிரி" என்று சொல்லிச் செய்து காட்டினேன். இன்னொரு தடவை செய்யச் சொல்லிக் கேட்டுவிட்டு, "அங்கிள், மத்தவங்களுக்கு இது வர மாசக்கணக்கா ஆவும்" என்றாள். அன்று நான் இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டேன்.

அந்த 'ஸ்ஸ்ஸ்' தான் முதல் வினை. பக்கத்து வீட்டுச் சந்திரா அம்மாள் சமையலறையில் நின்று அதைக் கேட்டிருக்கிறார்கள். 'ஸ்ஸ்ஸ்' என்று இழுத்து, 'டிப்' என்று நின்று, மறுபடி 'ஸ்ஸ்ஸ்'. கேஸ் கசிகிறது என்று முடிவுகட்டி, தன் அடுப்பை அணைத்துவிட்டு, தெருவுக்கு ஓடிவந்து எல்லோரையும் வெளியே வரச் சொல்லியிருக்கிறார்கள். தெருவே மெயினை அணைத்துவிட்டு முனையில் போய் நின்றது. யாரோ போன் போட்டு, தீயணைப்பு வண்டியும் வந்துவிட்டது. வந்தவர்கள் சத்தம் எங்கள் வீட்டில் இருந்துதான் வருகிறது என்று கண்டுபிடித்து அம்சாவைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போயிருக்கிறார்கள். அவளுக்கு விஷயம் தெரியும். சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு அவளும் கூட்டத்தோடு நின்றிருக்கிறாள். ஹெட்போன் போட்டிருந்த எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தீயணைப்புக்காரர் ஒருவர் மாடிக்கு வந்து என் முதுகில் தட்டினார்.

"இன்னாங்க இது?"

"ஹை-ஹாட்டுங்க."

"மூடி வைங்க."

"மூடினா ஒரு சத்தம், திறந்தா ஒரு சத்தம்ங்க."

அவர் நெடுநேரம் அந்தத் தட்டுகளைப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். அன்றோடு சந்திரா அம்மாள் சட்டம் போட்டுவிட்டார்கள். சமைக்கிற நேரத்தில் அடிக்கக் கூடாது, பிள்ளைகள் படிக்கிற நேரத்தில் கூடாது, சீரியல் நேரத்தில் கூடாது. இதெல்லாம் போக எனக்கு மிஞ்சியது முற்பகல் மட்டுமே. மாப்பிள்ளையின் அப்பா கஜபதியும் அவர் வீட்டாரும் வந்ததும் முற்பகலில்தான்.

அன்று நடந்ததைத் தங்களுக்கு யாரும் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். மலைக்கோயிலில் பெண்ணைப் பார்த்துவிட்டு, மரியாதைக்குத் தாய்மாமன் வீட்டில் காபி குடிப்பது என்று ஏற்பாடு. தாங்கள் மேலே அர்ச்சனைக்கு நின்றுவிட, அவர்கள் காரில் முன்னால் இறங்கிவிட்டார்கள். நான் பட்டுக்கரை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாகத் தயாராகத்தான் இருந்தேன். வருகிறவர்களுக்குப் போட மாலை வாங்கப் போன அம்சா, "சட்டை கசங்காம சும்மா உக்காந்துகினு இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். உட்கார்ந்தேன். பஸ் ஓட்டிய தாய்மாமன் என்று சொன்னால் போதுமா, வேலை போன தாய்மாமன் என்று சொல்ல வேண்டுமா என்றெல்லாம் யோசனை ஓடியது. அது நிற்கட்டும் என்று கொஞ்ச நேரத்துக்கு மாடிக்குப் போனேன். அன்றைக்குப் பார்த்து, நான்கு கைகால்களும் முதல்தடவையாக ஒன்று சேர்ந்துவிட்டன. ஸ்டாப்பிங் எதுவும் வரவில்லை. வண்டி நேராகப் போய்க்கொண்டே இருந்தது. அதை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

அந்த நேரத்தில்தான் அவர்கள் கார் தெருவுக்குள் திரும்பியது. மாடியிலிருந்து டிரம்ஸ் சத்தம். எதிரே ஒரு பெண்மணி கையில் பெரிய மாலையோடு, தலைகுனிந்து, அந்த வீட்டை நோக்கி வேகமாகப் போகிறாள். அது அம்சா. பார்த்தவர்கள் என்ன நினைப்பார்கள்? வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்கப்புறம் சகுனம் சரியில்லை என்று சொல்லி அனுப்பியதும், தாங்கள் எனக்குப் போன் செய்து, "எம் பொண்ணு வாழ்க்கைய அடிச்சி ஒடச்சிட்ட" என்று சொன்னதும், தங்களுக்கே தெரிந்தவை. அந்தச் சொல் என்னைத் தூங்கவிடவில்லை.

ஆகவே போன செவ்வாய்க்கிழமை நானே புறப்பட்டு, ஆர்.கே.பேட்டை வழியாக அம்மையார்குப்பம் போனேன். கஜபதி வீட்டை ஒட்டிய கொட்டகையில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்த இரைச்சலில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"நான் திருத்தணி துளசிங்கம். பொண்ணுக்குத் தாய்மாமன்."

"எப்ப?" என்றார்.

"இன்னா எப்ப?"

"எப்ப செத்தாரு?"

"யாரும் சாவலிங்க. நான்தான் அடிச்சேன்."

"யார அடிச்ச?"

அதற்குள் அவர் மனைவி தேவயானி அம்மாள் வந்து மெயினை அணைத்துவிட்டார்கள். தறிகள் நின்றன. "நான்தான் அடிச்சேன்" என்று நான் மறுபடி கத்தியது மட்டும் அந்தத் தெரு முழுக்கக் கேட்டது. எதிர்வீட்டிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

உட்கார வைத்து மோர் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். கஜபதி முகத்தில் சிரிப்பு வரவில்லை. "நாங்க வூட்டுக்கு வந்து எல்லாரும் தலைக்குத் தண்ணி ஊத்திக்கினோம். காரைக்கூடக் கழுவினோம்" என்றார். செய்து காட்டு பார்க்கலாம் என்றார். இரண்டு தட்டும் ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டும் வாங்கி, என்னால் முடிந்த அளவு செய்து காட்டினேன். தேவயானி அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். கஜபதி முடிவுவரை கேட்டுவிட்டு, "பொண்ணும் இதெல்லாம் அடிக்குமா?" என்றார்.

"ஐயோ, இல்லிங்க. அவ வாய தொறந்து பேசவே மாட்டா" என்று உறுதி சொன்னேன்.

அவர் இரண்டு நிபந்தனை வைத்தார். ஒன்று, நிச்சயத்துக்கு முன்னால் அந்த டிரம்ஸ் செட் என் வீட்டைவிட்டுப் போய்விட வேண்டும். இன்னொன்று, தமிழ்செல்வியின் வேலை. "புத்தூர் லேப்ல ரத்தம் எடுக்கிற வேலையெல்லாம் கல்யாணத்தோட நிக்கணும். எங்க வூட்டுக்கு அது ஒத்து வராது" என்றார். "அது ஒரு பிரச்சினையே இல்லிங்க" என்றேன். வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டோம். வருகிற வளர்பிறையில் அவர்கள் மறுபடி வருகிறார்கள். தங்கள் மகளுடைய சம்பந்தம் முன்பு இருந்தபடியே இருக்கிறது பாவா. என்னால் கெட்டது என்னாலேயே சரியாகிவிட்டது.

அனுசுயா மாஸ்டரிடமும் சொல்லிவிட்டேன். "இப்பத்தான் அங்கிள் உங்க கால் உங்க பேச்சக் கேக்குது" என்றாள். பிறகு, "சரி அங்கிள்" என்றாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். நேற்று சாயங்காலம் எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து, அம்சாவின் பழைய புடவைகளில் சுற்றிக் கட்டிவிட்டேன். விலை பேசிய ஆள் நாளை வந்து எடுத்துப் போவான். கணுக்காலை இனிமேல் சும்மாவே அசைத்துக்கொள்கிறேன். அக்கா பெண்ணின் வாழ்க்கையைவிட என் கணுக்கால் பெரிதல்ல.

ஆகவே பாவா அவர்கள் கோபம் தணிந்து, என் நம்பரை விடுவித்து, முன்போல் வந்துபோக வேண்டுகிறேன். அக்காவின் கால்களுக்கு என் நமஸ்காரம். குழந்தைக்குத் தாய்மாமனின் பூரண ஆசி. தங்கள் கோபத்துக்கும் என் மரியாதை உரித்தாகுக.

இப்படிக்கு,
தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட மைத்துனன்,
கோ. துளசிங்கம்

பின்குறிப்பு: மேலே எழுதியவற்றில் நலம் விசாரித்தது நீங்கலாக மற்ற எதையும் தாங்கள் படிக்காததாகக் கொள்ளவும். கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப்போகும் நேரத்தில் தமிழ்செல்வி நகரி பஸ்ஸில் வந்து இறங்கினாள். கையில் ஒரு பை. தாங்களும் அக்காவும் காளஹஸ்திக்குப் போயிருப்பதால் தாங்கள் இன்னும் அறிந்திருக்க மாட்டீர்கள். அம்மையார்குப்பத்துப் பிள்ளை நேற்று அவளுக்குப் போன் செய்து, வேலையை விடுவதற்கு மாமா ஒப்புக்கொண்டுவிட்டார் என்று சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறான்.

வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "உன் டிரம்ஸ நீ வித்துக்கோ மாமா. என் வேலைய எதுக்கு வித்த?" என்று கேட்டாள்.

அம்சாவைப் பார்த்தேன். அவள் இதற்கும் பரிந்து பேசவில்லை. பிறகு தமிழ்செல்வி உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசினாள் பாவா. அந்த லேபில் அவள் ஊசி குத்தினால் குழந்தைகள் அழுவதில்லையாம். அதற்காகவே தூரத்து ஊர்களிலிருந்து அவளைத் தேடி வருகிறார்களாம். இதை அவள் நம்மிடம் சொல்ல எத்தனையோ தடவை ஆரம்பித்திருக்கிறாளாம். "நீங்க மூணு பேரும் பேசினீங்க, அவங்க வந்து பாத்தாங்க. என்னை ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல" என்றாள். கேட்காதவர்களில் நானும் ஒருவன்.

கஜபதிக்குப் போன் செய்தேன். முதலில் தறியை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார். இந்தச் சம்பந்தம் வேண்டாம், பெண்ணுக்கு இஷ்டமில்லை, நான் ஒப்புக்கொண்டது தவறு என்று தெளிவாகச் சொன்னேன். அவர் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுதவில்லை. எல்லாமே எனக்குச் சேர வேண்டியவைதான், தங்களுக்கு அதில் பங்கில்லை.

குழந்தை இப்போது சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். நாளையிலிருந்து இங்கிருந்தே ரயிலில் புத்தூருக்கு வேலைக்குப் போய்வருவாள். தாங்கள் கோபமாகத்தான் வருவீர்கள், வாருங்கள். அவளுடைய லேப் கோட் கொல்லைப்புறக் கொடியில் காய்கிறதாம், மறக்காமல் எடுத்துக்கொண்டு வாருங்கள்.