மூன்றாம் பெட்டிக்கு ஒரு மணப்பெண்

சென்ற ஆண்டு பிப்ரவரி பதினாறாம் தேதி, காலை பதினொன்றே கால் மணிக்கு, வில்பட்டியில் ஒரு பெண்ணுக்குக் கல்யாண ஏற்பாடு தொடங்கியது. பெண் அப்போது முட்டையாக இருந்தாள். பழனி மலையை அடிவாரம் முதல் மன்னவனூர் வரை சலித்தாலும், பிறக்காத பெண்ணின் திருமணத்துக்கு இத்தனை உறுதியோடு பொறுப்பேற்கும் மனிதர் எங்கள் தரகரைத் தவிர வேறொருவர் அகப்படமாட்டார்.

தரகர் என்றால் கல்யாணத் தரகர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். அதை அந்த வீட்டு மின்கட்டண அட்டை மட்டுமே அறியும். இலக்கிய முதுகலை படிக்க வந்த நான் அவர் வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருக்கிறேன். அவரை மாமா என்றும், அவர் மனைவியை அத்தை என்றும் அழைக்கிறேன். கீழ்த்தளத்தில் இரண்டு அறைகளை அத்தை சுற்றுலாப் பயணிகளுக்கு விடுகிறார். பின்புறம் பேரிக்காய் மரத்தடியில் வரிசையாக நான்கு தேன்பெட்டிகள். தரகருக்குக் கல்யாணம் தொழில், தேனீ பொழுதுபோக்கு. இரண்டுக்கும் நடுவே ஓர் எல்லைக்கோடு உண்டென்பதை அவர் ஒருபோதும் ஏற்றுக்கொண்டதில்லை.

திண்டுக்கல்லிலிருந்து வந்த ஒரு மாப்பிள்ளை வீட்டாரிடம், "உங்க பையன் ஆண் தேனீ மாதிரிங்க" என்று மனமாரப் பாராட்டினார். அவர்களும் மகிழ்ந்து போனார்கள். ஆண் தேனீ எந்த வேலையும் செய்யாது, பிறர் சேர்த்ததை உண்ணும், கொட்டவும் தெரியாது என்பதை யாரோ பின்னர் அவர்களுக்கு விளக்கியிருக்கிறார்கள். மற்றொரு நிச்சயதார்த்தத்தில், மண்டபம் எந்த ஊரில் என்பதில் இரு வீட்டாரும் எழுந்து நின்று கத்தத் தொடங்கியபோது, தரகர் பையிலிருந்து புகைப்பானை எடுத்தார். தேனீக்களை அமைதிப்படுத்த உதவும், துருத்தி வைத்த தகரக்குவளை அது. தேங்காய் நாரைப் பற்றவைத்து இரு தரப்புக்கும் சமமாக நாலு நாலு ஊதல் ஊதினார். எல்லோரும் இருமிக்கொண்டே வெளியே ஓடி, கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது சண்டையின் காரணம் மறந்துபோயிருந்தது.

"கூட்டம் கோவப்பட்டா நியாயம் பேசக்கூடாது பாப்பா. புகை போடணும்" என்றார் என்னிடம்.

ஆனால் புகைக்கும் அடங்காத கூட்டம் ஒன்று அவர் வீட்டிலேயே இருந்தது. மூன்றாம் பெட்டி. பக்கத்தில் தும்மினால் கொட்டும், தும்மாவிட்டாலும் கொட்டும். ஜனவரியில் மரத்தடியில் படம் எடுத்துக்கொண்டிருந்த புதுமணத் தம்பதியரில் கணவருக்கு ஒரு கண் மூடிவிட்டது. அன்று மாலை அத்தை தீர்ப்பு எழுதினார்.

"ஏங்க, ஏப்ரல்ல சீசன் தொடங்குறதுக்குள்ள அந்தப் பொட்டி சாதுவாகணும். இல்லன்னா நாலும் பாச்சலூருக்கு, எந் தம்பி தோட்டத்துக்குப் போயிரும். வண்டிக்குச் சொல்லி வச்சுட்டேன்."

"மூணாவதுதான கொட்டுது. மத்த மூணும் என்ன பாவம் பண்ணுச்சு?"

"வீங்குன மூஞ்சியில பொட்டி நம்பரா எழுதியிருக்கு?"

தரகர் அசரவில்லை. ஒரு கூட்டத்தின் குணம் அதன் ராணியின் குணம். எனவே கூட்டத்தை மாற்ற வேண்டாம். மருமகளை மாற்றினால் போதும். மூன்றாம் பெட்டியின் ராணியைப் பிடித்து, துளையிட்ட தீப்பெட்டிக்குள் நாலு தோழிகளோடு அடைத்து, பஸ்ஸில் மன்னவனூருக்குக் கொண்டுபோனார். அங்கே உருளைக்கிழங்குத் தோட்டக்காரர் ஒருவருக்குச் சாதுவான தேனீயே பிடிக்காது. காட்டுப்பன்றியை விரட்டும் தேனீதான் வேண்டுமாம். மலையில் எல்லாக் குணத்துக்கும் ஒரு வரன் இருக்கிறது என்று தரகர் சொல்வது சும்மா இல்லை.

ஒரு வாரம் கழித்து, நான் முதலில் சொன்ன அந்தக் காலையில், கீழிருந்து குரல் வந்தது.

"பாப்பா, சோலி ஏதும் கெடக்கா? கண்ணாடி போடாத கண்ணு ரெண்டு வேணும்."

ராணியை இழந்த மூன்றாம் பெட்டித் தேனீக்கள் சும்மா இருக்கவில்லை. தங்கள் புழுக்களுக்கே விசேஷ உணவூட்டி, புது ராணி வளர்வதற்கான ராணி அறைகளை மெழுகால் கட்டத் தொடங்கியிருந்தன. அவற்றில் பிறப்பவளும் அதே கோபக்காரியாகத்தான் இருப்பாள். ஆகவே அவற்றையெல்லாம் ஒன்று விடாமல் கிள்ளி எறிந்துவிட்டு, பரம சாதுவான நான்காம் பெட்டியிலிருந்து முட்டையும் இளம் புழுவும் உள்ள ஒரு தேனடையை அதன் மரச்சட்டத்தோடு எடுத்துச் செருக வேண்டும். முட்டை எங்கே இருக்கிறது என்பது தரகர் கண்ணுக்குத் தெரியவில்லை. நான் வெயிலுக்கு முதுகைக் காட்டி, சட்டத்தைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு மெழுகறையின் அடியிலும் வெள்ளை நூல் துணுக்கைப்போல் ஒரு முட்டை நின்றது.

"இருக்கு மாமா. நடுவில் நிறைய இருக்கு."

"குடும்பம் நல்ல குடும்பம். தாய் இதுவரைக்கும் ஒருத்தரைக் கொட்டுனதில்ல" என்று சொல்லிக்கொண்டே சட்டத்தை மூன்றாம் பெட்டிக்குள் இறக்கினார்.

சில நாட்களில் அந்த அடையில் நிலக்கடலையைத் தொங்கவிட்டதுபோல் ராணி அறைகள் வளர்ந்தன. நீளமும் நேர்த்தியுமான ஒன்றை மட்டும் விட்டுவைத்தார். மற்றவற்றில் நல்லதாக ஒன்றை வெட்டியெடுத்து, குளிர் படாமல் பஞ்சில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நகரத்தில் தேனீ வளர்க்கும் நண்பருக்குக் கொடுக்கக் கிளம்பினார். வழியில் ஒரு பெண்பார்க்கும் சடங்கு. சம்பந்தம் முடிந்த மகிழ்ச்சியில் மாப்பிள்ளையின் தந்தை கைகளை விரித்துக்கொண்டு நெருங்க, தரகர் பின்வாங்கினார்.

"கட்டிப்பிடிக்காதீக. நெஞ்சுக்குள்ள ஒரு பொண்ணு இருக்கு."

அந்தத் தந்தை கேட்கவில்லை. சம்பந்தம் நிலைத்தது, சட்டைப்பையில் இருந்தவள் நசுங்கினாள். தரகர் நெஞ்சில் ஒரு பெண் இருக்கும் செய்தி, அவர் பஸ் பிடித்து வருவதற்குள் அத்தையின் காதுக்கு வந்துசேர்ந்திருந்தது. இரவு உணவை அத்தை வழக்கம்போலவே பரிமாறினார். ரசம் மட்டும் கொஞ்சம் காரமாக இருந்தது.

ஆகவே எஞ்சியவள் ஒருத்தி. மார்ச் தொடக்கத்தில் வெளிவந்தாள். விருந்தினர் யாரோ விட்டுச்சென்ற சிவப்பு நகப்பூச்சை எடுத்து, ஈர்க்குச்சி முனையால் அவள் முதுகில் ஒரு பொட்டு வைத்தார் தரகர். கூட்டத்தில் ராணியை அடையாளம் காண இது நல்ல வழி. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பெண் புறப்பட இன்னும் சில நாளே இருக்கும்போது, கல்யாண வீடு பழைய பெயிண்டோடு நிற்பது அவருக்குப் பொறுக்கவில்லை. நீலம், பச்சை, காவி, சாம்பல் என்று ஆளுக்கொரு நிறமாக இருந்த நான்கு பெட்டிகளும், நான் கல்லூரியிலிருந்து திரும்பிய மாலையில், ஒரே மஞ்சளாகப் பளபளத்தன.

"மாமா, எல்லாம் ஒரே மாதிரி இருந்தா ராணிக்குத் தன் வீடு எதுன்னு எப்படித் தெரியும்?"

"தெரு முழுக்கப் பந்தல் போட்டாலும் பொண்ணுக்கு வீடு தெரியாமப் போகுமா பாப்பா?"

ராணி வாழ்வில் பெரும்பாலும் ஒருமுறை வெளியே பறந்து, ஆகாயத்திலேயே மணமுடித்துத் திரும்புவாள். வெயில் வேண்டும், காற்று கூடாது. அப்படியொரு பிற்பகல் வந்தது. தரகர் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, பெட்டிகளுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பறக்கும் தேனீயைப் பிடித்துத் தின்னக் கம்பியில் அமர்ந்திருந்த கரிச்சான் குருவியை விரட்ட, கையில் பாத்திர மூடியும் கரண்டியும். சிவப்புப் பொட்டு வாசலில் தோன்றி, ஒரு வட்டமடித்து, மேலே போனது.

"பொண்ணு பொறப்பட்டாச்சு" என்று சமையலறைப் பக்கம் அறிவித்தார்.

பள்ளத்தாக்கிலிருந்து பனிமூட்டம் ஏறத் தொடங்கியிருந்த நேரத்தில் அவள் திரும்பினாள். மூன்றாம் பெட்டிக்கு நேராக வந்தவள் சற்றுத் தயங்கினாள். பிறகு இரண்டாம் பெட்டிக்குள் நுழைந்தாள்.

நாற்காலி விழுந்த ஓசை எனக்கு இன்னும் கேட்கிறது. அவர் ஓடிப்போய் அந்தப் பெட்டியின் மூடியைத் திறந்தபோது, அடிப்பலகையில் நெல்லிக்காய் அளவுக்குத் தேனீக்கள் உருண்டையாகத் திரண்டிருந்தன. அந்நிய ராணியை அவை அப்படித்தான் நெருக்கிக் கொல்கின்றன. புகை போட்டார், தண்ணீர் தெளித்தார். உருண்டை கலைந்தபோது நடுவில் சிவப்புப் பொட்டு அசையாமல் கிடந்தது.

அவளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கடைசியாக, "பொண்ணு ஒரு வார்த்தை வழி கேட்டிருக்கலாம்" என்றார். தவறு தன்னுடையது என்று ஒப்புக்கொள்வதற்கு மிக அருகில் அவர் வந்தது அப்போதுதான். அன்று மாலைத் தேநீரைத் தொடவில்லை. மறுநாளும் பேசவில்லை. வாய் ஓயாத மனிதர் மௌனமானால் வீட்டில் சுவர்க்கடிகாரம்கூடத் தொந்தரவாகிவிடுகிறது. இன்னொருத்தியை வளர்க்க நாள் இல்லை. ராணியில்லாத மூன்றாம் பெட்டியோ முன்பைவிட மூர்க்கமாக இரைந்துகொண்டிருந்தது. பாச்சலூர்தான் என்று நானும் முடிவுசெய்துவிட்டேன்.

மூன்றாம் நாள் அத்தை தாமே வந்து அவர் முன் நின்றார்.

"ஒரு கல்யாணம் நின்னுபோனா தொழிலையே விட்டுருவீகளா? நாலாவதுல ஒரு ராணி இருக்குல்ல. அதுகூட இந்த மூணாவதைச் சேத்து வைக்கிறதுதான?"

"ரெண்டு குடும்பத்தை ஒரே நாள்ல ஒரே வீட்டுல விட்டா வெட்டுக்குத்து ஆகிரும்டி. வாசம் பழகணும். நடுவுல ஒரு பேப்பர் வச்சா..." என்று தொடங்கியவர், தாம் பேசுவதைத் தாமே கேட்டு நிமிர்ந்தார்.

நான் என் அறையிலிருந்து பழைய செய்தித்தாளைக் கொண்டுவந்தேன். அரசியல் பக்கம் வேண்டாமென்றார். சேர்ந்திருக்கிற கூட்டமும் பிரிந்துவிடுமாம். விளையாட்டுப் பக்கமும் ஆகாது, அதில் ஒருவர் தோற்றாக வேண்டும். பிறகு உள்ளே போய், யாரையும் தொடவிடாமல் அடுக்கி வைத்திருக்கும் ஞாயிற்றுக்கிழமை மணமக்கள் விளம்பரப் பக்கங்களிலிருந்து ஒன்றை உருவி வந்தார். அந்தி சாய்ந்ததும், மூடியை எடுத்த நான்காம் பெட்டியின் மேல் அந்தத் தாளை விரித்து, ஊசியால் நாலைந்து துளையிட்டு, அடிப்பலகையைக் கழற்றிய மூன்றாம் பெட்டியை அதன்மேல் ஏற்றினோம்.

தாளைக் கடித்துத் துளைப்பதற்குள் இரு கூட்டத்தின் வாசமும் கலந்துவிடும் என்பது கணக்கு. சில நாட்களில் வாசலில் காகிதத் தூள் விழத் தொடங்கியது. அதில் சற்றுப் பெரிய துண்டொன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். 'தடையில்லை' என்றிருந்தது.

"சம்மதம் சொல்லியாச்சு" என்றார். குரல் திரும்பிவிட்டது.

ஏப்ரலில் இரைச்சல் தணிந்தது. வீட்டின் பின்புறத்தில் வெயில் நன்றாக விழும் ஒரே இடத்தில், பெட்டிகளுக்கு எதிரே, ஒரு துணிக்கொடி உண்டு. கொட்டுக்குப் பயந்து அத்தை அதை உபயோகிப்பதையே விட்டிருந்தார். சீசனின் முதல் விருந்தினர் வந்த நாளில், தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு போய், ஒரு விரிப்பைக் காயப்போட்டார். சற்று நின்றார். இன்னொன்றைப் போட்டார். ஏழாவது விரிப்பின்போது துண்டு தோளுக்கு இறங்கியிருந்தது. உள்ளே வந்து தம்பிக்குப் போன் செய்தார்.

"வண்டி வேணாம்டா. இங்கேயே இருக்கட்டும்."

மறுநாள் காலை, அறைக்குள்ளேயே ஈரம் விடாமல் கிடந்த என் துணிகளை எடுத்துக்கொண்டு பின்புறம் போனேன். தலையில் எதையும் போட்டுக்கொள்ளவில்லை. சமையலறைக் கதவருகே, புகைப்பானைப் பற்றவைத்துக் கையில் பிடித்தபடி, என்னைப் பார்க்காதவர்போல் தரகர் நின்றிருந்தார். நான் கடைசித் துணியை விரிக்கும்வரை அவர் உள்ளே போகவில்லை. நானும் அவசரப்படவில்லை.