பேக்ஸ்பேஸ் அழுத்தாதீங்க

"இதை வாங்காதீங்கம்மா" என்றார் விற்பனையாளர்.

லேப்டாப் விற்பதற்கென்றே மாதச் சம்பளம் வாங்குகிற மனிதர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வரும் என்று சொப்பனம் என்கிற அந்தப் பெண் நினைக்கவேயில்லை. பணக் கவரைப் பையிலிருந்து பாதி வெளியே எடுத்திருந்தாள். அதைப் பழையபடி உள்ளே தள்ளினாள்.

"ஏன் சார்? நேத்து நீங்கதானே நல்ல மாடல்னு சொன்னீங்க?"

"நேத்து சொன்னேன். இன்னிக்கு யோசிச்சுப் பாத்தேன். பேட்டரி மூணு மணி நேரம்தான் நிக்கும். அவசரமே படாதீங்க. நின்னு நிதானமா டைப் பண்ணிப் பாருங்க. கை பழகணும் இல்ல?"

மூக்கு நுனியில் கண்ணாடியும் கழுத்தில் அடையாள அட்டையுமாக, பார்த்தால் பொய் சொல்லுகிற முகமே இல்லை. சொப்பனம் நம்பினாள்.

சொப்பனம் என்பது வீட்டில் வைத்த பட்டப்பெயர். பால் பொங்குதா பாருடி என்று அம்மா நிறுத்திவிட்டுப் போனால், நின்று பார்ப்பாள். பால் பொங்கும், வழியும், அடுப்பு அணையும். அதையும் பார்த்துக்கொண்டே நிற்பாள். மனசு மட்டும் எங்கேயோ மேய்ந்துகொண்டிருக்கும். அப்படிப்பட்ட பெண்ணுக்கு அடுத்த திங்கட்கிழமை காலேஜ் தொடங்குகிறது. புள்ளியியல் படிப்பு. முதல் நாளே ஆளுக்கொரு லேப்டாப்போடு வந்து சேரவேண்டும் என்று கடிதம் போட்டிருந்தார்கள்.

கவரில் இருந்தது முப்பதாயிரம். லீவில் ஒரு பேக்கரியில் கேக் டப்பா மடித்து அவள் சேர்த்தது பாதி. அம்மா போட்டது பாதி. அம்மாவின் பாதிக்கு ஒரு கெடு உண்டு. வீட்டு பிரிட்ஜின் கதவு ஒரு மாதமாக மூடுவதில்லை. ஒரு நாற்காலியை முட்டுக்கொடுத்து, அந்த நாற்காலியில் அரிசி டின்னையும் ஏற்றி வைத்திருந்தார்கள்.

"சனிக்கிழமைக்குள்ள வாங்கினா லேப்டாப்பு. இல்லன்னா என் பணம் பிரிட்ஜுக்கு" என்று அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். "நீ யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள எனக்குப் பேரன் பேத்தியே வந்துடும்."

வாங்குகிற லேப்டாப் எல்லாவற்றுக்கும் ஆகவேண்டும். பாடம், கணக்கு, விண்ணப்பம், அம்மா பார்க்கிற சமையல் வீடியோ எல்லாம் அதில்தான். இன்னொரு காரியமும் இருந்தது. அதைச் சொப்பனம் ஒரு ஈ காக்கையிடம்கூடச் சொன்னதில்லை. அவளுக்குக் கதை எழுத ஆசை. வீட்டில் இருக்கிற ஒரே மேஜையை மாமாவின் பிரிண்டர் பிடித்துக்கொண்டதால், இதுவரை எழுதியதெல்லாம் பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில்தான்.

திங்கட்கிழமை முதல்முதலாக இந்தக் கடைக்கு வந்தபோது, சாம்பல் நிற மூடி போட்ட இந்த லேப்டாப்பைப் பார்த்ததுமே மனசுக்குப் பிடித்துப்போனது. விலையும் சரியாக முப்பதாயிரம். கீபோர்டு எப்படி என்று பார்க்க எதையாவது அடித்துப் பார்க்கவேண்டும் அல்லவா? மற்றவர்கள் தங்கள் பெயரை அடிப்பார்கள். சொப்பனம் இப்படி அடித்தாள்:

'காலையில் படகுக்காரர் கண் விழித்தபோது அக்கரையைக் காணவில்லை.'

அடித்த பிறகு அவளுக்கே வெட்கமாக இருந்தது. இருந்தாலும் ஒரு கரை, அதுவும் மரம் மட்டை வீடு வாசலோடு, எங்கே போயிருக்கும் என்ற யோசனை அவளோடு பஸ் ஏறி வீடு வரைக்கும் வந்தது.

இன்று வந்து பார்த்தால் அந்த வரி அப்படியே இருந்தது. யாரும் அழிக்கவில்லை. கடைக்காரர்களுக்குச் சோம்பல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். விற்பனையாளர் நிதானமாகப் பார்க்கச் சொன்னாரே என்று அடுத்த வரியைத் தொடங்கினாள். படகில் மூன்று பேரை ஏற்றினாள். மடியில் தையல் மெஷின் வைத்திருக்கும் ஒரு பெண். ஒற்றைச் செருப்போடு ஒரு ஆள், மற்றது அக்கரையில் கிடக்கிறது. டிக்கெட் எடுக்காத ஒரு ஆடு. படகு பனிக்குள் போனது. கடையின் ஏசி மெல்ல இரைந்துகொண்டிருந்தது. அது தண்ணீர்ச் சத்தமாகவே அவள் காதில் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தபோது ஒரு மணி நேரம் போயிருந்தது.

வீட்டில் மாமா சந்தோஷப்பட்டார். பழைய பிரிண்டர் ஒன்றைக் கழற்றிப் பூட்டியதிலிருந்து அந்த வீட்டுக்குக் கம்ப்யூட்டர் நிபுணர் அவர்தான். கழற்றியது முழுசாக, பூட்டியது முக்கால்வாசி.

"வாங்காதேன்னு சொல்ற கடைக்காரன் கிடைக்கிறது பெரிய விஷயம்மா. நாளைக்கு ஒரு லிஸ்ட் எழுதித் தரேன். அதைக் காட்டு."

புதன்கிழமை அவள் லிஸ்டோடு போனாள். ரேம் எவ்வளவு, வாரண்டி எத்தனை வருஷம், சூடாகுமா, கீழே விழுந்தால் என்ன ஆகும், கடைசியாக, புது மாடல் ஏதும் வருகிறதா என்று பதினான்கு கேள்விகள். லேப்டாப்புக்கு முன்னால் புதிதாக ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அவள் உட்கார்ந்ததும் மின்விசிறியை யாரோ அவள் பக்கம் திருப்பிவிட்டார்கள். நல்ல கவனிப்பு என்று மனசு குளிர்ந்தது.

விற்பனையாளர் லிஸ்டை ஒருமுறைக்கு இருமுறை படித்தார்.

"பதிமூணு கேள்விக்கும் இதுல பதில் இருக்கு. பதினாலாவதுதான் இடிக்குது. அடுத்த வாரம் புது மாடல் வருதும்மா. அதுக்குள்ள இதை வாங்கி ஏமாந்துடாதீங்க."

"அடுத்த வாரம் எனக்கு காலேஜ் சார். சனிக்கிழமைக்குள்ள வாங்கியாகணும்."

"அப்ப இன்னும் மூணு நாள் இருக்கே" என்றார் அவர், ஏதோ தனக்கு லீவு கிடைத்த மாதிரி. "உக்காந்து டைப் பண்ணிப் பாருங்க."

தரை துடைக்கிற அக்கா மாப்போடு வந்து அவள் நாற்காலியைச் சுற்றிச் சுற்றித் துடைத்தாள். கடை முழுக்கக் காலடித் தடம். அந்த நாலடி இடம் மட்டும் முகம் பார்க்கலாம் போல இருந்தது. சொப்பனம் கால்களைத் தூக்கிக்கொண்டே எழுதினாள். நடு ஆற்றில் தையல்காரப் பெண் மெஷினை ஓட்ட ஆரம்பித்தாள். பனியை எடுத்துத் தைத்தாள். ஒற்றைச் செருப்புக்காரருக்கு ஒரு போர்வை வந்தது. எழுதும்போது சொப்பனத்துக்கு இருந்த நிம்மதி அதற்கு முன்னால் வாழ்க்கையில் இருந்ததேயில்லை. இந்த லேப்டாப் கைவிட்டுப் போனால் படகும் போய்விடும் என்று நினைத்தபோது அதன் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை மாமாவே கிளம்பிவிட்டார்.

"நீ பேசினா உன் தலையில மிளகாய் அரைச்சிடுவாங்க. கவரை என்கிட்ட குடு."

மாமா கடைக்குள் நுழைந்த வேகத்தில் லேப்டாப்பைத் தூக்கிப் பார்த்தார், மூடியைத் திறந்து மூடினார், தட்டிப் பார்த்தார். பிறகு ஒரு விரலை நீட்டிக்கொண்டு கீபோர்டுக்கு வந்தார். விற்பனையாளர் நாலே எட்டில் பாய்ந்து வந்தார்.

"சார், எதை வேணா அழுத்துங்க. பேக்ஸ்பேஸ் மட்டும் அழுத்தாதீங்க."

"ஏன்?"

"அது கொஞ்சம் மக்கர் பண்ணுது."

"மக்கர் பண்ற பீஸை வெச்சுக்கிட்டா முப்பதாயிரம் சொல்றீங்க?"

"அதான் சார் நானும் வாங்காதீங்கன்னு சொல்றேன்" என்றார் விற்பனையாளர். அப்புறம் மாமாவின் தோளில் கை போட்டு, "உங்களைப் பாத்தா விஷயம் தெரிஞ்சவர் மாதிரி இருக்கு. பிரிண்டர் பக்கம் வந்து பாருங்களேன்" என்று கூட்டிக்கொண்டு போனார்.

விஷயம் தெரிஞ்சவர் என்று மாமாவை அதுவரை யாரும் சொன்னதில்லை. அரை மணி நேரம் கழித்து, கவரிலிருந்து இரண்டாயிரத்தை எடுத்து ஒரு மை டப்பா வாங்கிக்கொண்டு திரும்பினார். அந்த அரை மணியில் சொப்பனம் ஒரு பெரிய காரியம் செய்திருந்தாள். பாரம் தாங்காமல் படகு தள்ளாடியது. யாரும் ஆட்டை இறங்கச் சொல்லவில்லை. ஆடு தானாக எழுந்து நின்று, ஒருமுறை எல்லோரையும் பார்த்துவிட்டு, தண்ணீரில் குதித்துவிட்டது.

"பணத்துல எடுத்துட்டீங்களே மாமா" என்றாள் சொப்பனம். அழுகை வந்தது. மாமாவினாலா ஆட்டினாலா என்று அவளுக்கே தெரியவில்லை.

"இரண்டாயிரம் குறைச்சுக் கேளு. மக்கர் பண்ற பீஸ்தானே" என்றார் மாமா.

வெள்ளிக்கிழமை அப்படியே கேட்டாள். விற்பனையாளருக்கு முகம் வாடிப்போயிருந்தது. பில் போடுகிற கேஷியர் பெண்ணுக்குக் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. தினமும் சிரிக்கிறவள் அன்றைக்கு முகம் கொடுத்தே பேசவில்லை. ஜலதோஷம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள் சொப்பனம்.

"இது டிஸ்ப்ளேக்கு வெச்ச பீஸ்மா. விக்கக் கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு" என்றார் விற்பனையாளர்.

"திங்கட்கிழமை நீங்களே விலை சொன்னீங்களே சார்."

"அப்ப உத்தரவு வரலை."

"பெட்டியில வேற புதுசு?"

"இருக்கு. சார்ஜரைக் காணோம்."

சொப்பனம் நாற்காலியை இழுத்துப் போட்டாள். உட்கார்ந்து எழுதினாள். ஆடு போன பிறகு படகில் அதன் இடம் காலியாகவே கிடந்தது. பனி விலகுகிற மாதிரி இருந்தது. தூரத்தில் ஏதோ கறுப்பாகத் தெரிந்தது. கரையாக இருக்கலாம், மேகமாகவும் இருக்கலாம். படகுக்காரர் துடுப்பை நிறுத்திவிட்டுக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அதற்குமேல் அவளுக்கு ஓடவில்லை. எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

சனிக்கிழமை பிரிட்ஜ் கதவு நாற்காலியையும் அரிசி டின்னையும் சேர்த்துத் தள்ளிவிட்டுத் திறந்துகொண்டது. அரிசி வாசல் வரை சிதறியது. அம்மா அரிசியைத் தாண்டி வந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு, சொப்பனத்தின் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள்.

அம்மா கடை நடுவில் நின்றாள்.

"இருபத்தெட்டாயிரம் இருக்கு. ஒரே பேச்சு. குடுக்கறீங்களா, இல்லையா?"

விற்பனையாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மா, அதுல பேட்டரி வந்து..."

"பேட்டரி, மக்கர், உத்தரவு, சார்ஜர். எல்லாம் கேட்டாச்சு. ஆறு நாளா ஒரு புள்ளையை அலைய விட்டிருக்கீங்க. இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க, எதிர்க்கடையில பிரிட்ஜ் இருக்கு."

விற்பனையாளர் கேஷியரைப் பார்த்தார். கேஷியர் கல்லாவைப் பார்த்தாள்.

"சரி, வாடி" என்றாள் அம்மா.

சொப்பனத்துக்கு எல்லாம் முடிந்துபோனது. திங்கட்கிழமை எல்லோரும் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்க, தான் மட்டும் ஒரு நோட்டோடு போய் உட்காரவேண்டும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இந்த நாற்காலி இனி இல்லை, படகு இல்லை. தன் பைத்தியக்காரத்தனத்தை வேறு யாராவது வாங்கிப் படித்துச் சிரிப்பார்களே என்று நினைத்ததும் உடம்பே கூசியது.

"ஒரு நிமிஷம்மா. நான் அடிச்சதை அழிச்சிட்டு வரேன்."

எழுதியது முழுவதையும் தேர்வு செய்தாள். ஆறு, பனி, தையல் மெஷின், ஒற்றைச் செருப்பு எல்லாம் திரையில் நீலமாகின. விரலை பேக்ஸ்பேஸின்மேல் வைத்தாள்.

பில் மெஷின் சத்தம் நின்றது. விற்பனையாளர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தார். "வேணாம்மா. அதை மட்டும் அழுத்தாதீங்க" என்றார். கேஷியர் கல்லாவை விட்டு எழுந்து நின்றிருந்தாள்.

"மக்கர் பண்றதை அழுத்தினா என்ன இப்ப?" என்றாள் அம்மா. "உங்களுக்கெல்லாம் என்னதான் பிரச்சினை?"

தரை துடைக்கிற அக்காதான் மாப்பைச் சுவரில் சாத்திவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு சொப்பனத்தின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"லேப்டாப்ப எடுத்துட்டுப் போ கண்ணு, சார்ஜர் அவர் மேஜை டிராயர்லதான் இருக்கு; தினமும் கடை தொறந்ததும் கேஷியர் பொண்ணு படிச்சுக் காட்டும், நாங்க அத்தனை பேரும் வேலையைப் போட்டுட்டு நின்னு கேப்போம், அந்தப் படகு அக்கரை போய்ச் சேர்ந்துச்சா இல்லையான்னு மட்டும் சொல்லிட்டுப் போ."