வெள்ளிக்கிழமை அவள் எழுந்து நிற்பாள்

அந்த வெள்ளிக்கிழமை மாலை எங்கள் வீட்டில் எந்த டிவியும் ஓடக்கூடாது என்று முடிவு செய்தேன். கேட்பதற்குச் சின்ன விஷயம்தான். ஆனால் என் மனைவியின் தொழிலே டிவி பழுதுபார்ப்பது. வீட்டின் முன்னறைதான் கடை. ஊரில் ஓடாத டிவியெல்லாம் அங்கே வந்து ஓடிவிட்டுப் போகும். அந்த வீட்டில் டிவியை ஓடாமல் செய்ய நான் கிளம்பினேன் என்றால் என் புத்தியை நீங்களே எடை போட்டுக்கொள்ளலாம்.

காரணம் இருந்தது. நான் டிவி தொடருக்கு வசனம் எழுதுகிறவன். இப்போது எழுதும் தொடரின் நாயகி சக்கர நாற்காலியில் இருப்பவள். என் மனைவியும் அப்படித்தான். சின்ன வயதில் வந்த காய்ச்சல் கால்களை முடக்கிவிட்டது. அதற்குப் பிறகு அவள் பள்ளிக்கூடம் போய், தொழில் கற்று, கடை வைத்து, என்னையும் கட்டிக்கொண்டு மேய்க்கிறாள். இதில் எது ரொம்பக் கஷ்டம் என்று கேட்டால் கடைசியைத்தான் சொல்வாள்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து என் தொடரைப் பார்ப்பது தினமும் எனக்குப் பரீட்சை.

"ஏங்க, இந்தப் பொண்ணு ஏன் எப்பப் பாத்தாலும் ஜன்னலையே பாத்துக்கிட்டு இருக்கா?"

"சோகமா இருக்கா."

"ஜன்னல்ல என்ன இருக்கு? நானும் இத்தனை வருஷமா பாக்கறேன். எதிர்வீட்டுத் துணிக்கொடிதான் தெரியுது."

"அது ஒரு குறியீடு."

"முழங்கால் மேல போர்வை?"

"அதுவும் குறியீடுதான்."

"இந்த வெயில்ல அவளுக்கு வேர்க்குருதான் வரும்."

இதையெல்லாம் நான் தாங்கிக்கொள்வேன். தாங்க முடியாதது வேறு. என் முந்தைய தொடரிலும் இப்படி ஒரு பெண் வந்தாள். கடைசி நாளில் காதலன் கண்ணீர் விட, அவள் எழுந்து நின்று, நடந்து, ஓடியே போய்விட்டாள். ஊரே அழுதது. மறுநாளிலிருந்து கடைக்கு வந்தவர்களெல்லாம் என் மனைவிக்கு வைத்தியம் சொல்ல ஆரம்பித்தார்கள். இஸ்திரிப் பெட்டி கொண்டுவந்தவர், மனசு வைத்தால் முடியும் என்றார். மாடி வீட்டுத் தையல்கார அக்கா, அந்தப் பெண்ணே எழுந்துவிட்டாளே, நீயும் முயற்சி செய்யக்கூடாதா என்று தினமும் கேட்டார். பழுதுக்குக் கொடுத்த மின்விசிறியைத் திரும்ப வாங்க வந்த ஒருவர் என்னைத்தான் முறைத்தார். என் அன்பில் ஏதோ கலப்படம் என்று அவருக்குச் சந்தேகம்.

அவள் எல்லோருக்கும் சிரித்தபடி பதில் சொன்னாள். கடையைச் சாத்திய பிறகு சிரிக்கவில்லை.

"நான் முயற்சி பண்ணாம சோம்பேறியா உக்காந்திருக்கேன்னு ஊரே நினைக்குது. எல்லாம் உங்க பேனா பண்ண வேலை. அடுத்த தொடர்லயும் ஒருத்தி எழுந்து நின்னா, அதுக்கப்புறம் நீங்க எழுதற எதையும் நான் பாக்க மாட்டேன்."

நான் ஆடிப்போய்விட்டேன். என் நகைச்சுவைக்குப் பின்னணி இசை வருவதற்கு முன்பே சிரிக்கிற ஒரே ஆள் அவள்தான். அவள் பார்க்காவிட்டால் நான் யாருக்காக எழுதுவது? இந்தத் தொடரில் நாயகி சாகும்வரை உட்கார்ந்தே இருப்பாள் என்று சத்தியம் செய்து கொடுத்தேன்.

அப்புறம்தான் டைரக்டர் கூப்பிட்டு, பார்ப்பவர்கள் குறைகிறார்கள், வெள்ளிக்கிழமை அவள் எழுந்து நிற்கிறாள் என்றார். நான் கடுமையாக எதிர்த்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். அலுவலகத்திலேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்தக் கண்றாவியை எழுதும்போது எனக்கே அழுகை வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. மாடி வீட்டு அக்காவின் டிவி எங்கள் கடையில் பழுதுக்குக் கிடந்ததால் அவரும் தொடர் பார்க்க இறங்கி வந்துவிட்டார். நான் முதலில் ரிமோட்டை அரிசி டப்பாவில் ஒளித்தேன். மனைவி மேஜை இழுப்பறையைத் திறந்தாள். உள்ளே ஒரு குடும்பமாக ரிமோட்டுகள். ஒன்றை எடுத்து டிவியைப் போட்டாள்.

தூசி தட்டுகிறேன் என்று டிவிக்குப் பின்னால் போய்க் கைக்கு அகப்பட்ட ஒயரைப் பிடுங்கினேன். படம் போனது. அவள் என்ன ஏது என்று கூடக் கேட்கவில்லை.

"அக்கா, உங்க டிவி ரெடியாயிடுச்சு. அதுலயே பாத்துடலாம்" என்றாள்.

கடை அலமாரியில் வரிசையாக நின்ற டிவிகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தால் விடிந்துவிடும். மொத்த வீட்டுக்கும் மின்சாரத்தை நிறுத்துவதுதான் வழி. நழுவிப் போய் மெயின் பலகையைத் திறந்தேன்.

இங்கே ஒரு விவரம் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் எல்லா சுவிட்சும் அவள் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும். வீடு கட்டும்போதே அவள் சொல்லி வைத்தது. எனக்கு அது இடுப்பு உயரம். குனிந்தேன். ஃபியூஸைப் பிடுங்கினேன். வீடு இருண்டது. என் முதுகில் எதுவோ 'மடக்' என்றது.

அதற்கு மேல் நிமிர முடியவில்லை. சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. டார்ச் வெளிச்சம் என் மீது விழுந்தது. கையில் ஃபியூஸோடு, கையும் களவுமாக, ரொம்பப் பணிவான நிலையில் இருந்தேன்.

"அப்படியே இருங்க" என்றாள். இல்லாவிட்டால் எங்கேயாவது போய்விடுவேன் போல.

என் கையிலிருந்து ஃபியூஸை வாங்கி மாட்டினாள். வெளிச்சம் வந்தது. தன்னுடைய பழைய சக்கர நாற்காலியைக் கொண்டுவரச் சொன்னாள். அக்கா என்னை அதில் மடித்து வைத்தார். மனைவி என் முழங்காலில் ஒரு போர்வையைப் போர்த்தினாள். நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பி நிறுத்தினாள். எதிர்வீட்டுத் துணிக்கொடி தெரிந்தது.

"எனக்கு வேர்க்குது" என்றேன்.

"அக்கா, அவருக்குத் தண்ணி வேணுமான்னு கேளுங்க" என்றாள், நான் அந்த அறையிலேயே இல்லாத மாதிரி.

அக்கா என் தலையைத் தடவினார். "மனசு வச்சா எழுந்துடலாம் தம்பி. கொஞ்சம் முயற்சி பண்ணிப் பாருங்க."

"அப்படிச் சொல்லாதீங்கக்கா. அவருக்குக் கஷ்டமா இருக்கும்."

உண்மையாகவே கஷ்டமாக இருந்தது. முதுகில் மட்டும் இல்லை. ஒரு முறை கேட்பதே எனக்கு இப்படி எரிகிறது. அவள் தினமும் கேட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

தொடர் ஆரம்பித்தது. நான் மெல்லத் தலையை மட்டும் திருப்பினேன். காதலன் கண்ணீர் விட்டான். இசை ஏறியது. நாயகி நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்தாள். என் கல்யாண வாழ்க்கை முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"க்ளிக்" என்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தேன். நாயகி நாற்காலியின் பிரேக்கைப் போட்டுவிட்டு, போர்வையைச் சுருட்டிக் காதலன் மேல் எறிந்தாள்.

"நான் எழுந்து நின்னாத்தான் கட்டிக்குவியா? அப்போ நீ போய் ஒரு கம்பத்தைக் கட்டிக்கோ. அதுதான் நாள் முழுக்க நிக்கும்."

இது நான் எழுதியது இல்லை. ஆனால் அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். என் மனைவியைப் பார்த்தேன். அவள் உதடுகள் நாயகியோடு சேர்ந்து அந்த வசனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தன.

விஷயம் பிறகுதான் வெளியே வந்தது. ஷூட்டிங் நாற்காலியின் பிரேக் பிடிக்கவில்லை என்று டைரக்டரே அந்த வாரம் எங்கள் கடைக்கு அதைக் கொண்டுவந்திருக்கிறார். நான் அப்போது அலுவலகத்தில் அழுதபடி எழுதிக்கொண்டிருந்தேன். முக்கியமான காட்சி, அவள் எழும்போது நாற்காலி உருளக்கூடாது என்றாராம். இவள் சிரித்தாளாம். ஏன் சிரிக்கிறீர்கள் என்று அவர் கேட்க, கடைக்கு வந்தவர்கள் சொன்ன வைத்தியத்தையெல்லாம் இவள் சொல்ல, ஊற்றி வைத்த டீ ஆறிப்போகும்வரை கேட்டுவிட்டு, இவள் சொன்ன வசனத்தை வைத்தே காட்சியை மாற்றிவிட்டார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன்.

"நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு வாரம் பூரா காத்திருந்தேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். குனிந்தபடியே கேட்டதால் நன்றாகவே அமைந்தது. அவள் சிரித்துவிட்டு நாற்காலியை ஜன்னலிலிருந்து திருப்பி, முதுகில் தைலம் தேய்க்க ஆரம்பித்தாள்.

அந்த நேரத்தில் டைரக்டர் போன் செய்தார். மனைவிக்குத்தான். பேசி முடித்துவிட்டு என்னிடம் சொன்னாள். காட்சி எல்லோருக்கும் பிடித்துவிட்டதாம். அடுத்த வாரம் நாயகிக்குக் கல்யாணமாம். புருஷன் பயந்தாங்கொள்ளி; ஆனால் அவள் மேல் உயிரையே வைத்திருப்பவன். ஒன்றை மறைக்கப் போய் ஒன்பதில் மாட்டிக்கொள்வான்.

எனக்கு உற்சாகம் பொங்கியது. முதுகு கூடக் கொஞ்சம் நிமிர்ந்தது. "அந்தப் புருஷனுக்கு நான் பிரமாதமா வசனம் எழுதிடுவேன்" என்றேன்.

"நீங்க எழுத வேணாங்க" என்றாள். "வழக்கம்போல வீட்டுல பேசிக்கிட்டு இருங்க. நான் எழுதிக்கறேன்."