மூன்றடி வளையம்

உலக அழகின் வரலாற்றை எழுத நினைப்பவர்கள் இனிமேல் சிங்காநல்லூரிலிருந்துதான் தொடங்க வேண்டும். எங்கள் குடியிருப்பில் வாசல் முதல் கார் நிறுத்துமிடம் வரை பூச்செடிகள். ஒன்றிலும் பூ கிடையாது. அவ்வளவு ஒழுங்கு! இதைச் சாதித்தவர் சங்கத் தலைவர் அங்கப்பன், லேத் பட்டறை முதலாளி. நான் தோட்டக் குழுச் செயலாளர். அதாவது, அவர் சொல்வதற்குத் தலையாட்டுகிறவன்.

பம்பு செட்டுக்கு உதிரி பாகம் செய்து பழகிய கை அவருடையது. பட்டறையிலேயே மூன்றடி அகலத்தில் ஓர் இரும்பு வளையம் செய்துவிட்டார். சனிக்கிழமைதோறும் அதை ஒவ்வொரு செடிக்கும் மாட்டுவோம். வெளியே நீட்டிக்கொண்டிருப்பதற்குப் பெயர் 'பிசிறு'. வெட்டிவிடுவோம். மொட்டுகளுக்குக் கிளை நுனியில் வரும் கெட்ட பழக்கம் இருந்தால், அதற்குக் குழு பொறுப்பல்ல.

தப்பித்தது ஒரே ஒரு மருதாணி. மோட்டார் ரூம் சுவரை ஒட்டி நின்றதால் வளையம் நுழையவில்லை. அது பாட்டுக்கு ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. அதற்காக சி பிளாக் ரம்லா எங்களிடம் வந்தார்.

"ஏனுங்க, வர்ற ஞாயித்துக்கெழம எங்க ஹிபாவுக்கு நிக்காஹுங்க. அவ மூணாவது படிக்கறப்ப அவ கையால வச்ச செடிங்க அது. சனிக்கெழம சாயந்தரம் அந்தத் தழையப் பறிச்சு அரைச்சுத்தான் வைக்கோணும்னு ஒத்தக் கால்ல நிக்கறாளுங்க. அதுவரைக்கும் வெட்டாம உடுங்க."

"வளையமே போகாத செடிய நாங்க எப்படிங்க அம்மணி வெட்டறது?" என்றார் தலைவர்.

ரம்லா நம்பிக்கையோடு போனார்.

புதன்கிழமை குடியிருப்புகளுக்கான பூந்தோட்டப் போட்டி. பூ இல்லையே என்று அன்று விடிந்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. மார்க்கெட்டுக்கு ஓடி அரளியும் சம்பங்கியும் வாங்கி வந்து நூலால் கட்டினோம். எல்லாம் ஒரே உருண்டை. எது எந்தச் செடி என்பதில் குழுவுக்குள் 'கருத்து வேறுபாடு' நிலவியது.

நடுவர் மௌனிகா ஓர் உருண்டையின் முன் நின்றார். "இது என்ன செடிங்க?"

"செம்பருத்திங்க."

"அரளி பூத்திருக்குதுங்களே?"

"ரெண்டும் ஒரே உயரமுங்க," என்றார் தலைவர்.

நடுவர் நூலைப் பார்த்தார். மரியாதை தெரிந்தவர், அதை அவிழ்க்கவில்லை. எங்கிருந்தோ வந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு மோட்டார் ரூம் பக்கம் நடந்தார். மருதாணி கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தது. கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டோம்.

"இத ஆருங்க பாத்துக்கறது?"

"நம்ம குழுதானுங்க," என்றேன்.

முதல் பரிசு!

தலைவர் நெகிழ்ந்துபோனார். பரிசு வாங்கிய செடி மட்டும் பரட்டைத் தலையோடு நிற்கலாமா? வளையத்தைப் பட்டறைக்குக் கொண்டுபோய் இரண்டாக அறுத்துக் கீல் வைத்தார். சனிக்கிழமை காலை அது மடங்கி அரைவட்டமாகச் சுவரோடு அம்சமாகப் பொருந்தியது. வெட்டினோம். தழையைக் குப்பை வண்டி உடனே அள்ளிப்போனது. சுத்தத்திலும் எங்களுக்கு ஈடு கிடையாது.

சாயந்தரம் ரம்லா கூடையோடு வந்தார். அங்கே குச்சிகள் அழகான அரை உருண்டையாக நின்றன.

"வளையம் போகாதுன்னீங்களே..." என்றார். வெறுங்கூடையோடு திரும்பினார்.

மறுநாள் நிக்காஹுக்குக் குழுவாகப் போனோம். ஹிபாவின் கையில் கடைக் கோன் மருதாணி. தலைவர் சங்கத்தின் அன்பளிப்பைக் கொடுத்தார். பிரித்துப் பார்த்தாள். சட்டம் போட்ட பெரிய வண்ணப்படம்: முதல் பரிசு பெற்ற மருதாணி, பூத்துக் குலுங்கியபடி.

"ரொம்ப நல்லாருக்குதுங்க மாமா," என்றாள் ஹிபா. "இத அரைச்சு வச்சா செவக்குங்களா?"

தலைவர் என்னைப் பார்த்தார். செயலாளர் என்ற முறையில் நான் தலையாட்டினேன்.