தண்ணீர் மேலேறிய பின்சுவர்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. இவ்விடம் நானும் அவரும் நலம், ஒரு பின்சுவர் மட்டும் நலமில்லை. அவ்விடம் நீயும் அத்தானும் உன் இடது முழங்காலும் நலமா? போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ நடுவில் புகுந்து முடிவை நீயே சொல்லிவிடுவாய். கடிதத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது.

உன் சிநேகிதியின் அலுவலகத்தில் எனக்காகப் பேசி வைத்திருக்கிறாயே, அந்த வேலையில் சேர்ந்துகொள்கிறேன். மாதிரிக் கட்டடம் செய்யும் பைத்தியத்துக்கு உன்னிடம் ஒரு வருஷம் தவணை கேட்டேன். முதல் பெரிய வேலை சொதப்பினால் உன் பேச்சைக் கேட்கிறேன் என்று வாக்கும் கொடுத்தேன். சொதப்பிவிட்டது.

நீர் விநியோக அலுவலகத்தின் பழைய கல் பம்ப் ஹவுஸை ஐம்பதில் ஒரு பங்கு அளவில் செய்யச் சொல்லியிருந்தார்கள், முன்கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க. அங்கே இருக்கும் பொறியாளர் அம்மாள் மூன்று பக்கத்துக்குப் படம் கொடுத்தார். பின்பக்கம் ஒரே புதர், யாரும் போனதே இல்லையாம். "வெறும் சுவர்தாங்க, ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. நீங்களே பார்த்து ஏதாவது அடிச்சிருங்க" என்றார். அடித்தேன். பிளாஸ்டர் பலகையில் கல் கல்லாகக் கீறி, சாம்பல் நிறம் பூசி, நிஜத்தில் எந்த இரண்டு கல்லும் ஒரே நிறமில்லை என்பதால் ஒன்றில் துளி பழுப்பு, ஒன்றில் துளி நீலம் சேர்த்து, அதன்மேல் நீர்த்த கறுப்பை ஓடவிட்டு, இடுக்குகளில் அது தங்கியதும் மேலே பஞ்சால் ஒற்றி எடுத்து, பிறகு தூரிகையைத் துணியில் துடைத்துத் துடைத்து, இனி ஒட்டாது என்கிற அளவுக்குக் காய்ந்த வெள்ளையைக் கல்லின் விளிம்பில் மட்டும் உரசி... நாற்பதைத் தாண்டிய வயதில் அக்கா தங்கை இருவரும் பூச்சு வேலைதான் செய்கிறோம். நீ முகத்தில் பூசி வயதைக் குறைக்கிறாய், நான் சுவரில் பூசி வயதைக் கூட்டுகிறேன். எனக்குத்தான் பலன் சீக்கிரம் தெரிகிறது.

சுவர்களைப் படுக்கவைத்துத்தான் பூசுவது. படுக்கவைக்க எங்கள் வீட்டில் இருப்பது சாப்பாட்டு மேஜை ஒன்றுதான். பின்சுவருக்கு நிறமடித்துவிட்டுக் கை கழுவப் போன நேரத்தில், இவர் தட்டு வைக்க இடம் வேண்டுமென்று அந்தப் பலகையை அரைவட்டம் திருப்பித் தள்ளியிருக்கிறார். வாசலும் ஜன்னலும் இல்லாத சுவருக்குத் தலை எது, கால் எது? நான் சாப்பிட்டு வந்து, கூரையோரம் உடைந்து மழைநீர் வழிந்து வழிந்து பாசி பிடித்ததாகக் கற்பனை செய்துகொண்டு, பச்சையும் கறுப்புமாகக் கறையை இழுத்துத் தள்ளிவிட்டேன். போதாக்குறைக்குப் பறவை எச்சம் வேறு. 'மேல்' என்று பென்சிலால் குறித்திருந்தது உள்பக்கத்தில். ஒட்டும்போது உள்பக்கம்தான் என்னைப் பார்த்தது, அந்தக் குறிப்படியே நிறுத்தி ஒட்டினேன். ஒட்டி முடித்த பிறகு முன்பக்கத்தை ரசித்த மயக்கத்தில் பின்பக்கம் போய்ப் பார்க்கவே தோன்றவில்லை.

நேற்று இவரும் நானும் பெட்டியோடு போனோம். அந்த அம்மாள் மூன்று பக்கமும் சுற்றி வந்து தலையாட்டினார். நான்காவது பக்கத்தில் நின்றுவிட்டார்.

"ஏங்க, இந்தத் தண்ணி எங்கேருந்து எங்க போகுது?"

"மேலேருந்து கீழ..." என்று ஆரம்பித்து, நானும் குனிந்து பார்த்தேன். கறையெல்லாம் தரையிலிருந்து கிளம்பி நாக்கு நாக்காக மேலே ஏறியிருந்தது. கூரைக்கடியில் பளிச்சென்று சுத்தம்.

"முப்பது வருஷமா நானும் தண்ணிய மேல ஏத்திக்கிட்டுத்தான் இருக்கேன். எங்களுக்கு அதுக்கு மோட்டார் வேணும், கரண்ட் வேணும். நீங்க சும்மாவே ஏத்திட்டீங்க. இந்த வெள்ளை என்னது?"

"பறவை எச்சம்."

"மல்லாந்து பறக்குற பறவை போல."

உண்மையைச் சொன்னேன். உடனே இவர், "நான் தட்டு வைக்கத்தாங்க திருப்பினேன். இவதான் பார்த்து அடிச்சிருக்கணும்" என்றார். "அப்ப இது குடும்பத் தயாரிப்பு" என்றார் அந்த அம்மாள். திங்கட்கிழமை திறப்பு விழாவாம். அதுவரை பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி வைத்துக்கொள்வதாகவும், நிஜப் பின்சுவரைத் தான் படமெடுத்து அனுப்பியதும் திருத்தித் தரும்படியும் சொல்லி அனுப்பிவிட்டார். உலகத்தில் யாரிடம் வேண்டுமானாலும் தண்ணீரைத் தலைகீழாக ஓடவிட்டிருக்கலாம் அக்கா. நான் தேடிப்பிடித்தது நீர் அலுவலகத்தை.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். பக்கச்சுவரைப் பார்க்கும்போது அந்த அம்மாள் விரலை நீட்டித் தொடப்போய், நிஜச் சுவர்போல ஈரமாக இருக்குமோ என்று சட்டென இழுத்துக்கொண்டார். நான் பார்த்தேன். அதை வைத்துக்கொண்டு உன் சிநேகிதியின் அலுவலகத்தில் பத்து வருஷம் கோப்பு அடுக்குவேன், எனக்கு வருத்தமில்லை. என்றைக்கு வந்து சேர வேண்டும் என்று கேட்டுச் சொல்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும், உன் முழங்கால் மாடிப்படியை மன்னிக்கட்டும்.

இப்படிக்கு,
உன் சொல் கேட்கும் தங்கை

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் போன் வந்தது. பொறியாளர் அம்மாள்தான். படமெடுப்பதற்காகப் புதரை வெட்டச் சொல்லியிருக்கிறார். புதருக்குள்ளே நிஜப் பின்சுவர் இடுப்பு உயரத்துக்கு ஊறிக் கிடந்ததாம், பச்சையும் கறுப்பும் தரையிலிருந்து நாக்கு நாக்காக மேலே. புதைத்திருந்த குழாய் எத்தனை வருஷமாகக் கசிந்ததோ, ஒருவருக்கும் தெரியவில்லை. "அந்தச் சுவர்ல கை வைக்காதீங்க, அதுதான் சரி" என்றார். அது என் சாமர்த்தியம் இல்லையே மேடம் என்றேன். "அது எனக்குத் தெரியாதா? சாமர்த்தியம் மத்த மூணு சுவர்ல இருக்கு. இன்னும் ரெண்டு பம்ப் ஹவுஸ் இருக்கு. செவ்வாய்க்கிழமை வண்டி அனுப்புறேன், இந்தத் தடவை நாலு பக்கமும் நேர்ல பார்த்துக்குங்க" என்றார். ஆகவே அக்கா, உன் சிநேகிதியிடம் நான் வரவில்லை என்று பக்குவமாகச் சொல்லிவிடு. வேறு கடிதம் எழுத நேரமில்லை, மேலே உள்ளதில் நலம் விசாரிப்பை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை அடித்துவிடு. செவ்வாய்க்கிழமை இவரும் லீவு போட்டுக்கொண்டு கூட வருகிறாராம், எது மேல்பக்கம் என்று பார்த்துச் சொல்ல.