இல்ல வாசிப்பு உறுதிப் பதிவேடு

பெற்றோர் படித்துக் காட்டினால் பிள்ளைகள் சீக்கிரம் படிப்பார்கள் என்ற உண்மை, அந்த ஆண்டு பிப்ரவரியில் எங்கள் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குத் தெரிய வந்தது. தெரிந்த பிறகு அலுவலகம் சும்மா இருக்குமா? முதல் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவேடு கொடுத்தார்கள். வீட்டில் தினமும் வாசித்துக் காட்டிவிட்டு, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், வெளிச்சத்தின் தன்மை, பிள்ளையின் முகபாவம் ஆகியவற்றைக் கட்டங்களில் எழுத வேண்டும்.

கூடவே நாற்பது கதைப் புத்தகங்களும் வந்தன. ஒன்று கிழிந்தாலும் மூன்று பிரதிகளில் விளக்கம் எழுத வேண்டும் என்பதால், பிளாசிதா டீச்சர் அவற்றை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

பேருந்துகளில் ஏறி இறங்கிச் சிபா ரொட்டி விற்கும் சுனில்டா கேட்டாள்:

"புக்கு இல்லாம எதை டீச்சர் படிச்சுக் காட்டறது?"

"பதிவேட்டை வீட்டுக்குக் குடுன்னுதான் உத்தரவு. புக்கைப் பத்தி ஒண்ணும் இல்லையே."

"எனக்குப் படிக்கவும் தெரியாது."

"அதுக்குக் கட்டம் இல்லம்மா."

கூட்டுறவுச் சங்க எழுத்தரான எனக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, குளிர்ந்த தெரெரே மூலிகைப் பானத்தைக் குடித்துக்கொண்டே, என் மகனின் ஆண்டு முழுவதையும் நிரப்பிவிட்டேன். முகபாவம்: மலர்ச்சி.

சுனில்டா வேறு வழி கண்டாள். பள்ளி விட்டதும் மகள் நிமியாவையும் பேருந்தில் ஏற்றிக்கொள்வாள். ரொட்டி வாங்குகிறவர்களிடம் பதிவேட்டில் அச்சிட்டிருக்கும் வரிகளைக் காட்டி, "சார், இந்த ஒரு வரி மட்டும் குழந்தைக்குச் சொல்லுங்களேன்" என்பாள். நிமியா விரல் வைத்துக் கேட்பாள். அவள் முதலில் படித்த சொல் 'பாதுகாவலர்'. செப்டம்பருக்குள் கடைப் பலகை, மருந்துச் சீட்டு எல்லாம் கடகடவென்று படித்தாள்.

பள்ளி ஆண்டு முடியும் நவம்பரில் மேற்பார்வையாளர் பெனிக்னோ வந்தார். நிமியா ஒரு பக்கம் முழுக்கப் படித்துக் காட்டினாள். அவர் பதிவேட்டைப் புரட்டினார். கட்டங்கள் எல்லாம் காலி.

"இந்தப் பொண்ணுக்கு வாசிக்க வராது."

"இப்பத்தானே சார் படிச்சா?" என்றார் டீச்சர்.

"என் காதால கேட்டேன். கேட்டதை எங்க எழுதறது? அடுத்த வருஷமும் ஒண்ணாங் கிளாஸ்லயே இருக்கட்டும்."

என் மகனுக்குச் சிறந்த வாசகர் சான்றிதழ் கிடைத்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவனுக்குப் படித்துச் சொன்னது நிமியாதான்.

எங்களுக்கே மனசு கேட்கவில்லை. மறுபரிசீலனை வேண்டினோம். அலுவலகம் உடனே உரிய படிவத்தை அனுப்பியது. மற்றப் பெற்றோர் முப்பத்தொரு பேரும் ஆவேசமாகக் கையெழுத்துப் போட்டோம். கடைசியில் சுனில்டாவிடம் மைப்பெட்டியை நீட்டினோம்.

"இருங்க. எம் பொண்ணு படிச்சுச் சொல்லட்டும், அப்புறம் வைக்கறேன்."

நிமியா உரக்கப் படித்தாள்: "மேற்படி மாணவி முதல் வகுப்பிலேயே நீடிப்பதில் கீழே கையொப்பமிட்ட எங்களுக்கு ஆட்சேபணை ஏதும் இல்லை."

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"கிழிச்சுப் போடுங்க டீச்சர்" என்றாள் சுனில்டா.

"நம்பர் போட்ட படிவம்மா. கிழிக்க எனக்கு அதிகாரம் இல்ல."

நிமியா முதல் வகுப்பிலேயே நீடித்தாள். இரண்டாம் வகுப்புக்குப் போன என் மகனுக்கு ஓர் எழுத்தும் தெரியாததால், மாலையில் அவள்தான் வந்து பாடம் படித்துக் காட்டுகிறாள்.

இந்த ஆண்டு இரண்டாம் வகுப்புக்கும் பதிவேடு வந்திருக்கிறது. நேற்று அவள் என்னைக் கேட்டாள்: "நீங்களே படிச்சுக் காட்டலாம்ல, மாமா?"

எனக்கு எங்கே நேரம்? இந்த ஆண்டுப் பதிவேட்டை யார் நிரப்புவது?