மீதியை எடுத்துக் கொடுப்பவர்

உலகத்தில் ஓர் இனம் உண்டு. அடுத்தவர் பேச்சு பாதியில் நிற்பதைக் காண அவர்களுக்கு மனசு பொறுக்காது. நீங்கள் "நேத்து சந்தைக்கு..." என்று இழுத்தால் போதும், "போனீங்க, மீன் விலையைக் கேட்டீங்க, தலை சுத்திப்போச்சு, அதானே?" என்று முடித்து உங்கள் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். நீங்கள் சொல்ல வந்ததோ சந்தைக்குப் பக்கத்துச் சந்தில் பல் பிடுங்கிக்கொண்ட கதை. அதை இனி யாரிடம் சொல்வது? இவர்கள் கெட்டவர்களா? ஐயோ, இல்லை. உதவி செய்கிறார்கள்! அதுதான் ஆபத்து.

இந்த இனத்தில் முதல் தரமான ஆளைப் பார்க்க வேண்டுமென்றால் ஆப்பிரிக்கக் கரையோரத்துச் சான்சிபார் தீவுக்கு வாருங்கள். வெளிநாட்டார் சுவாஹிலி படிக்க வரும் பள்ளிக்கூடத்தின் மாடியறையில், தையல் வேலை செய்த வெள்ளைத் தொப்பியோடு உட்கார்ந்திருப்பார் கோம்போ வாத்தியார். வெளிநாட்டாருக்குப் பாடம் சொல்வது அவர் வேலையல்ல. சொல்லித்தரப் போகும் புது ஆசிரியர்களைத் தயார் செய்வதுதான் வேலை. அவருடைய உபதேசமும் ஒன்றே ஒன்றுதான். ஆசிரியர் கேள்வியைக் கேட்டுவிட்டு, ஒரு சின்னக் கோப்பை காப்பி குடிக்கிற நேரம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். மாணவர் தட்டுத் தடுமாறித் தாமே சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். நடுவே புகுந்து எடுத்துக் கொடுப்பவர் ஆசிரியரே அல்லர். இந்தச் சின்ன விஷயத்தை அவர் காலையில் பள்ளி திறந்ததிலிருந்து மதியத் தொழுகைக்கு அழைப்பு வரும்வரை மூச்சு விடாமல் விளக்குவார். காப்பி ஆறி அவலாகிவிடும்.

ஜோகா அவரிடம் பயிற்சிக்கு வந்தவள். பாடம் நடத்திக் காட்டும் தேர்வில் இரண்டு முறை தோற்றவள். ஏன் தோற்றாள்? இரண்டு முறையும் அவள் கேள்வி கேட்டாள், உபதேசப்படி காத்திருந்தாள். பின்வரிசையில் மதிப்பெண் போட உட்கார்ந்திருந்த கோம்போ வாத்தியார் தாங்க முடியாமல் பதிலை எடுத்துக் கொடுத்தார். பிறகு, "வகுப்பில் மாணவரைவிட வெளியாள் அதிகம் பேசினார், ஆசிரியை அதைத் தடுக்கவில்லை" என்று எழுதி அவளைத் தோற்கடித்தார். அந்த வெளியாள் யார் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. இது மூன்றாவது தடவை. இதுவும் போனால் ஜோகா அத்தை கடையில் கங்கா என்கிற உள்ளூர் மேல்துணிகளை மடிக்கப் போக வேண்டியதுதான்.

இந்தத் தடவை மாணவியாக வந்தவள் சிர்க்கா, பின்லாந்துக்காரி, முதியோர் இல்லத்தில் செவிலி. அவள் ஊரில் இரண்டு பேர் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தால் நல்ல நண்பர்கள் என்று அர்த்தமாம். சான்சிபாரில் அப்படி உட்கார்ந்திருந்தால் பக்கத்து வீட்டார் சமாதானம் பேச வந்துவிடுவார்கள்.

"சிர்க்கா அக்கா, நீங்க ஏன் சுவாஹிலி படிக்க வந்தீங்க?" என்று கேட்டாள் ஜோகா.

சிர்க்கா மேல்கூரையைப் பார்த்தாள். "நான்... எனக்கு..."

"கல்யாணம்!" என்றார் பின்வரிசை வாத்தியார்.

பெரியவர் சொன்னதை மறுக்கக் கூடாது என்று இந்தத் தீவில் முதல் வாரமே கற்றுக்கொண்டிருந்தாள் சிர்க்கா. "ஆமாங்க" என்றாள்.

"மாப்பிள்ளை இந்த ஊரு!"

"ஆமாங்க."

"கிராம்பு வியாபாரி!"

"ஆமாங்க." இப்படியாக, தனியாக வாழ்கிற அந்த அம்மாளுக்குக் கண்மூடித் திறப்பதற்குள் ஒரு கணவன், ஒரு கிராம்புத் தோட்டம், பொல்லாத மாமியார் ஒருத்தி எல்லாம் கிடைத்துவிட்டது. கோம்போ வாத்தியார் முகத்தில் தானம் செய்தவரின் திருப்தி.

அதே பாடம், அதே வெளியாள். ஜோகாவுக்குக் கோபம் வந்தது, நல்லவேளையாக.

"ஐயா, தயவு செஞ்சு கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருங்க!"

கூடப் பயிற்சிக்கு வந்து பாடம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். கீழே தெருவில் காப்பி விற்பவர் கோப்பைகளைக் கிணுகிணுக்கவிட்டபடி போனார். கோம்போ வாத்தியார் தொப்பியைக் கழற்றி வாயைப் பொத்திக்கொண்டார். ஜோகா காத்திருந்தாள். சிர்க்காவும் அவசரப்படவில்லை.

"எனக்குக் கல்யாணம் ஆகல. எங்க இல்லத்துல ஒரு பாட்டியம்மா இருக்காங்க. இந்த ஊருக்காரங்க. வயசாயி, எங்க மொழி முழுக்க மறந்துபோச்சு. சுவாஹிலி மட்டும் மிச்சம். தினமும் காலையில எல்லாரையும் பாத்து ஒண்ணு கேக்குறாங்க. யாருக்கும் புரியல. அவங்க கேக்குறது..."

"'என்னை ஊருக்குக் கூட்டிட்டுப் போங்க'ன்னுதானே!" தொப்பியைத் தாண்டி வந்துவிட்டது. வாத்தியார் கண்ணில் தண்ணீர் வேறு.

"ஆமாங்க" என்றாள் சிர்க்கா, வழக்கம்போல.

ஜோகா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, "அக்கா, அவர் சொன்னது இருக்கட்டும். நீங்க சொல்லுங்க" என்று மறுபடி காத்திருந்தாள்.

"இங்க முதல் நாள் பாடத்துல வணக்கம் சொல்லிக் குடுத்தாங்கல்ல, அப்பதான் எனக்கே புரிஞ்சுது. 'எப்படி எந்திரிச்சீங்க? வீட்டுல எல்லாரும் சௌக்கியமா? பிள்ளைங்க எப்படி இருக்காங்க?' இதைத்தான் கேக்குறாங்க. ரொம்ப வருஷமாக் கேக்குறாங்க. யாரும் பதில் சொன்னதில்ல."

சான்சிபாரில் கடன்காரன்கூட நலம் விசாரித்தால் பதில் சொல்லிவிட்டுத்தான் ஒளிவான். வருஷக்கணக்காக ஒருத்திக்குப் பதில் வணக்கம் இல்லை என்றால், அதை எங்கே போய்ச் சொல்வது! கோம்போ வாத்தியாரிடம் எடுத்துக் கொடுக்க ஒரு சொல்லும் இல்லை. அப்படி ஒரு நிலைமை அவருக்கு வந்ததே இல்லை.

கடைசியில் மெல்ல எழுந்தார். "ஜோகா, நீ இன்னைக்கு..."

"பாஸ்!" என்று கத்தியது மொத்த வகுப்பும்.

அவர் வாய் திறந்தபடி நின்றார். சொல்ல வந்தது வேறாகவும் இருந்திருக்கலாம். பெரியவரை வாயை மூடச் சொன்னதற்கு ஒரு நீண்ட சொற்பொழிவே உள்ளே காத்திருந்திருக்கலாம். இத்தனை முகங்கள் சந்தோஷமாகப் பார்க்கும்போது மறுப்பது மரியாதையா?

"ஆமா" என்றார்.

சிரிக்கிறீர்கள். "எனக்குத் தெரிந்த ஒருவர் அச்சு அசல் இப்படித்தான்" என்று ஒரு பெயர்கூட நினைவுக்கு வந்திருக்கும். ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தப் பாட்டியம்மா என்ன கேட்டாள் என்று சிர்க்கா சொல்வதற்கு முன், நீங்களும் மனசுக்குள் அவளை ஊருக்கு அனுப்பத் தயாராகிவிட்டீர்கள்தானே? இல்லையா? அப்படியானால் நான் சொல்வதை முழுதாகக் கேளுங்கள். என் கணிப்பில், நீங்களும் ஒரு...

பொறுங்கள், பொறுங்கள். எடுத்துக் கொடுக்காதீர்கள், அதை நானே சொல்லி முடிக்கிறேன்.